இருக்கிற இடம் தெரியாத ஆள்

“எங்கே பெரிய வன்முறை நடந்தாலும் அக்கம்பக்கத்தார் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ‘அமைதியான ஆள். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பார். இருக்கிற இடமே தெரியாது.’ தனிமையில் வாழும் ஒரு சாதாரண மனிதர் எப்படி இப்படி மாறுகிறார்? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? நானும் தனியாக வாழ்பவன், அதனாலும் கேட்கிறேன்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வியின் பாரம் அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களை அந்த அறிக்கை தனிமையோடு தொடர்புபடுத்துகிறது. மாரடைப்பு, பக்கவாதம், மனச்சோர்வு என்று பல வழிகளில் தனிமை ஆளைத் தின்கிறது. தின்பது பெரும்பாலும் அதைச் சுமப்பவரைத்தான். தனிமை ஒருவரைக் கொலைகாரர் ஆக்கிவிடும் என்பது உண்மையானால், ஆறில் ஒருவருக்குப் பயந்து நாம் யாரும் தெருவில் நடமாட முடியாது. நான் பல வருடம் மனநல ஆலோசனை வேலையில் இருந்தவன். என் எதிரே உட்கார்ந்தவர்களில் தனிமையைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர்கூட இன்னொருவர் மேல் கை வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே நீங்கள் தனியாக வாழ்வதை வைத்து உங்களையே சந்தேகப்பட வேண்டாம்.

சரி, அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். படிக்கட்டில் எதிர்ப்படும்போது ஒரு தலையசைப்பு, வாசலில் ஒரு பாதிச் சிரிப்பு. ஒருவரை இவ்வளவுதான் தெரியும் என்றால் அவரைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? ‘அமைதியானவர்’ என்றால் என்னிடம் பேசியதில்லை என்று அர்த்தம். ‘யார் வம்புக்கும் போகமாட்டார்’ என்றால் என் வம்புக்கு வந்ததில்லை என்று அர்த்தம். அந்தப் பேட்டியில் அவருடைய குணம் எதுவும் இல்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருந்த தூரம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தினமும் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன் ஒருநாள் கொன்றேவிட்டால் யாரும் வியப்பதில்லை. ‘என்றைக்காவது நடக்கும் என்று தெரியும்’ என்பார்கள். செய்தி ஒரு மூலையில் நாலு வரியோடு முடிந்துபோகும். வியப்பு இருந்தால்தான் தலைப்பு. அதனால் அமைதியானவர்களின் கதையே நம் காதில் திரும்பத் திரும்ப விழுகிறது. வாய்த்தகராறிலும் குடும்பச் சண்டையிலும் கும்பல் மோதலிலும் நடக்கும் எண்ணற்ற கொலைகள் நினைவில் தங்குவதே இல்லை.

‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்ற பழமொழியை இங்கே எல்லாரும் எடுத்து வீசுவார்கள். அதில் நாம் ‘சாது’வையே பார்க்கிறோம். எனக்கு ‘மிரண்டால்’ தான் முக்கியம். எது மிரட்டியது, எத்தனை நாளாக மிரட்டியது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

மேலே போகுமுன் ஒன்று. இனி வரும் சம்பவங்களில் செய்தவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைப் பறித்த தாக்குதலுக்குப் பிறகு, நியூசிலாந்தின் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அந்த ஆளின் பெயரைத் தன் வாயால் சொல்லவே மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நல்ல வழக்கம் அது. புதியதும் இல்லை. கி.மு. 356இல் எபேசஸ் நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கு ஒருவன் புகழ் ஆசையால் தீ வைத்தான். அவன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாதென்று ஊரார் தடை போட்டார்கள். ஒரு வரலாற்றாசிரியர் எழுதி வைத்துத் தொலைத்ததால் பெயர் இன்றுவரை பிழைத்திருக்கிறது. நானாவது விட்டுவிடுகிறேன்.

லண்டனில் 1978 முதல் 1983 வரை குறைந்தது 12 பேரைக் கொன்றவர் ஓர் அரசு ஊழியர். கொல்லப்பட்டவர்கள் எல்லாரும் சிறுவர்களும் இளைஞர்களும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர்களுக்கு வேலை தேடித் தருவது அவர் பணி. தொழிற்சங்கத்திலும் பொறுப்பு வகித்தார். நாய் வளர்த்தார். நாள் முழுக்க மனிதர்களோடு பேசிவிட்டு, யாரும் இல்லாத வீட்டுக்குத் திரும்புவார். மதுக்கடைகளிலும் தெருவிலும் சந்தித்தவர்களை வீட்டுக்கு அழைத்து வந்து, அவர்கள் விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொன்றதாகப் பிறகு சொன்னார். உடல்களை நாள்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தார். கடைசியில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய ஆள் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அவரிடமிருந்து தப்பிய ஒருவர் 1980லேயே போலீஸிடம் போயிருக்கிறார். ஏதோ இரண்டு பேருக்குள் நடந்த சொந்தத் தகராறு என்று அதை விட்டுவிட்டார்கள். அரசு ஊழியர், நிதானமாகப் பேசுகிறவர், அவரைப் போய்…

தனிமைதான் தன்னை இப்படி ஆக்கியது என்ற அவருடைய விளக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்குத் தயக்கம். கொன்றவர் தன் கதையைத் தானே சொல்லும்போது கேட்பவருக்குப் பரிதாபம் வருகிற சொல்லாகப் பார்த்துத்தான் எடுப்பார். ‘தனிமை’ அதற்கு வாகான சொல். தன்னைத் தனியாக விட்ட உலகத்தின் மேல் பாதிப் பழியைப் போட்டுவிடலாம்.

இன்னொரு வாசல். கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 22 வயது இளைஞன் ஒருவன். அவன் இணையத்தில் ஏற்றிய வீடியோக்களைப் பார்த்துத் தாய் பயந்துபோனதால் தகவல் காவல்துறைக்குப் போனது. 2014 ஏப்ரல் 30 அன்று அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். வெட்கத்தோடும் மரியாதையோடும் பேசினான். தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றான். சில நிமிடங்கள் பேசிவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அறைக்குள் துப்பாக்கிகள் இருந்தன. மூன்று வாரம் கழித்து, மே 23 அன்று, ஆறு பேரைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். அன்று அறையைச் சோதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று அவனே எழுதி வைத்திருந்தான்.

அந்த அதிகாரிகளைத் திட்டுவது எளிது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடிப் பேர் வாழும் இடத்தில் நிஜமாகவே ஆபத்தானவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்று எங்கும் கிடையாது, பேச்சுக்குத்தான். அந்தச் சோதனை 10 பேரையும் பிடித்துவிடும். கூடவே ஒரு பாவமும் அறியாத ஒரு லட்சம் பேரையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த லட்சம் பேரும் கூச்ச சுபாவிகள், தனியாகச் சாப்பிடுகிறவர்கள், கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்கிறவர்கள். அவர்களில் ஒருவர் கதவைத் திறந்தால் நீங்களும் நானும் திரும்பி வந்திருப்போம். அரிதான ஆபத்து எதுவாக இருந்தாலும் அது சாதாரண முகத்தோடுதான் வரும். கணக்கே அப்படி.

தனிமை நேரடிக் காரணம் இல்லை என்றால் அதற்குப் பங்கே இல்லையா? உண்டு. அது எங்கே நுழைகிறது என்பதைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் தன் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். முதுகில் ஒரு ஃபிரிஸ்பீ (எறிந்து விளையாடும் தட்டு) வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மூவரும் ஆடினார்கள். திடீரென்று அவர் பக்கம் எறிவதை நிறுத்திவிட்டு அவர்கள் இருவர் மட்டும் ஆடத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஒன்றுமில்லாத விளையாட்டு. ஆனாலும் தனக்கு எவ்வளவு வலித்தது என்று அவரே ஆச்சரியப்பட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘சைபர்பால்’ என்ற கணினிச் சோதனை. திரையில் இரண்டு பேர் பந்தை எறிகிறார்கள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் பந்து வருவது நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். சில நிமிடங்களில் ஆளின் மனநிலை சரிகிறது. ஒதுக்கியவர்கள் தனக்குப் பிடிக்காத கூட்டமாக இருந்தாலும் வலிக்கிறது. எதிரே ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் வலிக்கிறது.

2001இல் உளவியலாளர்கள் ஜீன் ட்வெங்கியும் ராய் பாமைஸ்டரும் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கூர்மையானது. சிலருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ‘உங்கள் விடைகளைப் பார்த்தால் பிற்காலத்தில் நீங்கள் தனியாகத்தான் முடிவீர்கள்’ என்று பொய்யாகச் சொன்னார்கள். (கொஞ்சம் கொடுமையான சோதனைதான், பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.) அதன்பின் ஒரு விளையாட்டில் எதிராளியின் காதில் இரைச்சல் பாய்ச்ச வாய்ப்புக் கொடுத்தார்கள். தனியாக முடிவாய் என்று கேட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகச் சத்தத்தைப் பாய்ச்சினார்கள். தங்களை அவமதித்தவர் மேல் மட்டுமின்றி, தங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் மேலும் பாய்ச்சினார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: தங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னவரிடம் அந்தக் கோபம் காட்டப்படவில்லை.

வில்லியம்ஸும் சகாக்களும் 2006இல் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒதுக்கப்பட்டவர்களைப் பிடிக்காத இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவினர் அடுத்த இரைச்சல் எப்போது வர வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம். இன்னொரு குழுவுக்கு அந்த வசதி இல்லை. பிறகு, காரம் பிடிக்காத ஒரு அந்நியருக்கு எவ்வளவு மிளகாய்ச் சாஸ் சாப்பிடக் கொடுப்பது என்று எல்லாரையும் கேட்டார்கள். கட்டுப்பாடு கைவிட்டுப்போனவர்கள் பல மடங்கு அதிகம் ஊற்றினார்கள். ஒதுக்கப்பட்டிருந்தும் பொத்தான் தன் கையில் இருந்தவர்கள், ஒதுக்கப்படாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். ஒதுக்கப்படுவது வலி, வலிக்கு மேல் ‘என் கையில் எதுவுமே இல்லை’ என்ற உணர்வும் சேரும்போது மிளகாய்ச் சாஸ் வழிகிறது.

மிளகாய்ச் சாஸுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் வெகுதூரம் இருக்கிறது, தெரியும். அந்தத் தூரத்தை ஒருவர் ஒரே நாளில் கடப்பதில்லை. வருடக்கணக்கில் நடந்து கடக்கிறார். நடந்துகொண்டிருக்கும்போது வேலைக்குப் போகிறார், கடையில் வரிசையில் நிற்கிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அந்தச் சாதாரணம் வேஷம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதுவும் நிஜம்தான். ஒரே ஓர் எண்ணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் நம்மைப் போலத்தான். அந்த எண்ணம்கூட நாம் அறியாததா என்றால், அதுவும் இல்லை. ‘எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள்’ என்பதுதான் அது.

அந்த எண்ணம் இல்லாத மனிதர் கிடையாது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அது ஒரு கட்டத்துக்கு மேல் வளர்வதில்லை. காரணம் நம் நல்ல குணம் என்று நான் சொல்லமாட்டேன். யாரோ ஒருவர் குறுக்கே வருகிறார், அதுதான் காரணம். மேலதிகாரி உங்களைப் பார்க்காமல் போனது உங்களை அழிக்கும் சதித்திட்டம் என்று இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் நண்பரிடம் சொல்கிறீர்கள். ‘அட போப்பா, அந்த ஆள் கண்ணாடி போடாமல் வந்திருப்பார்’ என்கிறார் அவர். கட்டிய கோட்டை அங்கேயே சரிகிறது. உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். அப்புறம் மறந்துவிடுவீர்கள்.

அந்த ‘அட போப்பா’ சொல்ல ஆள் இல்லாதவருக்கு என்ன நடக்கிறது? 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் சொன்ன ஒன்றை அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் எடுத்துக்காட்டுவார். தனித்து விடப்பட்டவன் ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகித்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் மோசமான முடிவிலேயே கொண்டு நிறுத்துவான் என்பது அதன் சாரம். தனிமையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜான் கசியப்போ அதையே வேறு வழியில் கண்டார். தனிமை பசி மாதிரி ஓர் எச்சரிக்கை மணி. போய் மனிதர்களோடு சேர் என்று சொல்வதற்காக அடிக்கிறது. அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் மூளை உஷார் நிலைக்குப் போய்விடுகிறது. அடுத்தவர் முகத்தில் அன்பைவிட ஆபத்தை முதலில் தேடுகிறது. யாரோ சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தோன்றுகிறது. அதனால் இன்னும் ஒதுங்குகிறார். ஒதுங்கினால் தப்பை எடுத்துச் சொல்ல ஆள் இன்னும் குறைகிறது.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருவார். தேதி, நேரம், யார், என்ன செய்தார்கள் என்று பத்தி பிரித்து எழுதியிருப்பார். ‘வணக்கம் சொன்னேன், பதில் இல்லை.’ ‘லிஃப்ட் கதவைப் பிடிக்கவில்லை.’ கையெழுத்து அவ்வளவு அழகு. ஆபத்து மதிப்பீடு செய்பவர்கள் இப்படிப்பட்டவரை ‘அநியாயம் சேகரிப்பவர்’ என்று சொல்வார்கள். பெயர் கொஞ்சம் கேலியாக இருந்தாலும் பொருத்தமானது. சேகரிப்பு என்றால் வெளியே எடுத்து எறியாமல் அடுக்கி வைப்பது. அந்த நோட்டு எனக்குப் பயம் தந்ததா என்றால், முதலில் தந்தது. பிறகு கவனித்தேன்: அதை அவர் என்னிடம் கொண்டுவருகிறார். வாசித்துக் காட்டுகிறார். நான் சில இடங்களில் சிரித்தால் கோபப்படுகிறார், பிறகு தானும் சிரிக்கிறார். நோட்டை யாரிடமாவது காட்டும் வரை பெரிய ஆபத்தில்லை என்பது என் அனுபவம். மூடி வைக்கத் தொடங்கும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

2008 ஜூன் 8 அன்று டோக்கியோவின் அகிஹபரா பகுதியில் ஒருவன் கூட்டத்துக்குள் லாரியை ஏற்றிவிட்டுக் கத்தியோடு இறங்கினான். ஏழு பேர் செத்தார்கள். 25 வயது, வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பல மாதங்களாக ஒரு கைபேசித் தளத்தில் எழுதிக்கொண்டே இருந்தான். அன்று செய்யப்போவதையும் அங்கேதான் எழுதினான், கடைசி நிமிடம்வரை. நீதிமன்றத்தில் அவன் சொன்ன காரணம் விசித்திரமாகத் தோன்றும்: அந்தத் தளத்தில் தன் பெயரில் வேறு யாரோ நடித்து எழுதித் தன் இடத்தைக் கெடுத்தார்கள் என்றான். வெளியே இருந்து பார்த்தால் அற்பம். அவனுக்கு மிச்சமிருந்த ஒரே திண்ணை அது.

ஜப்பானிலேயே இன்னொன்று. 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவரின் குறை கற்பனை இல்லை. அவருடைய தாய் ஒரு மத அமைப்புக்கு ஏறத்தாழ பத்துக் கோடி யென் கொடுத்துக் குடும்பமே திவாலானது. அந்த அமைப்பின் தலைமையைத் தாக்கவே முதலில் எண்ணினார், நெருங்க முடியவில்லை. பிறகு, அமைப்போடு தொடர்புள்ளவராகத் தான் கருதிய அபேயின் பக்கம் திரும்பினார். குறை நிஜமாக இருக்கலாம், கடன்காரர் மாறிவிடுகிறார். ‘யாராவது தந்தாக வேண்டும்’ என்ற இடத்துக்குக் கணக்கு வந்துவிட்டால், யார் என்பது வசதியைப் பொறுத்ததாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1972இல் அதிபர் தேர்தல் களத்தில் இருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸைச் சுட்ட 21 வயது இளைஞன் அதற்கு முன் வாரக்கணக்கில் அதிபர் நிக்ஸனைப் பின்தொடர்ந்தவன். இருவரின் அரசியலும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தனிமையுணர்வு ஆண்களிடமும் பெண்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இந்த வகை வன்முறையைச் செய்பவர்கள் அநேகமாக எல்லாரும் ஆண்கள். 1974 முதல் 2000 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை சீக்ரட் சர்வீஸும் (அதிபரைப் பாதுகாக்கும் அமைப்பு) கல்வித் துறையும் ஆராய்ந்தன. செய்த 41 பேரும் ஆண்பிள்ளைகள். ஆக, தனிமையோடு வேறொன்றும் கலந்தாக வேண்டும். என் கருத்து இது: வரவேண்டியது வரவில்லை என்ற எண்ணம். மதிப்பு, பெண்ணின் அன்பு, ஒரு பதவி என்று ஏதோ ஒன்று தனக்கு உரிமையாக வந்திருக்க வேண்டும், பறித்துவிட்டார்கள் என்ற எண்ணம். ‘எனக்கு இல்லை’ என்பது துக்கம். ‘என்னுடையதைத் தரவில்லை’ என்பது வழக்கு. ஆண்பிள்ளை அழக்கூடாது, கோபப்படலாம் என்று வளர்த்தால் துக்கம் தானாகவே வழக்காக மாறிவிடும்.

மனநோய்தானே என்று கேட்பீர்கள். சில வழக்குகளில் உண்டு. ஆனால் 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் புகுந்து சுட்ட 63 பேரை எஃப்பிஐ ஆராய்ந்தபோது, தாக்குதலுக்கு முன் மருத்துவர் உறுதிசெய்த மனநோய் இருந்தது நான்கில் ஒரு பங்கினருக்கே. அதே ஆய்வில் பெரும்பாலோர் தனியாகக்கூட வாழவில்லை, யாரோ ஒருவரோடுதான் வசித்தார்கள். பள்ளி ஆய்விலும் அப்படித்தான். ‘தனியாள்’ என்று பிறராலோ தங்களாலோ கருதப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு. நெருங்கிய நண்பரே இல்லாதவர்கள் நூற்றுக்கு 12 பேர். படிப்பில் நன்றாக இருந்தவர்கள் பலர். சீக்ரட் சர்வீஸில் ராபர்ட் ஃபைனும் பிரையன் வோசக்குயிலும் 1949 முதல் 1996 வரை பிரமுகர்களைத் தாக்கிய அல்லது தாக்கும் நோக்கத்தோடு நெருங்கிய 83 பேரை ஆராய்ந்துவிட்டு, ‘கொலையாளியின் முகச்சாயல்’ என்று ஒன்று இல்லவே இல்லை என்று எழுதினார்கள்.

அப்படியானால் கண்டுபிடிக்கவே முடியாதா? முகத்தைப் பார்த்து முடியாது. வாயைக் கேட்டால் பல நேரம் முடியும். நான் சொல்வதில் நடைமுறைக்கு உதவுகிற பகுதி இதுதான்.

அந்த 37 பள்ளித் தாக்குதல்களில் நூற்றுக்கு 81இல் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் உடன் படித்த பிள்ளைகள். பால் கில்லும் சகாக்களும் தனியாளாகப் பயங்கரவாதத்தில் இறங்கிய 119 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் தங்கள் எண்ணத்தைக் குடும்பத்திடமோ நண்பரிடமோ வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். இதைத் துறையில் ‘கசிவு’ என்பார்கள். யாரைத் தாக்கப்போகிறார்களோ அவரிடம் நேராக மிரட்டல் விடுப்பது குறைவு. மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள். ஜோக் மாதிரி, கதை மாதிரி, ‘அடுத்த வாரம் டிவியைப் பார், புரியும்’ என்பது மாதிரி. கேட்டவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள்? அவன் சாதாரணமானவன் என்பதால். விளையாட்டுக்குச் சொல்கிறான், இவனாவது செய்வதாவது என்று நினைத்ததால். உங்கள் கேள்வியில் உள்ள அந்தச் சாதாரணம் நிஜமாகவே கேடு செய்கிற இடம் இது.

விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். கிறைஸ்ட்சர்ச் தாக்குதலை விசாரித்த அரச ஆணையம், தற்செயலாகத் தவிர வேறு எந்த வழியிலும் அந்த ஆளை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தது. அப்படியும் சிலர் உண்டு.

எதைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்? கோபமான பேச்சு எல்லாம் கசிவு ஆகாது. கோபத்தில் ‘அவனைக் கொன்றுபோடுவேன்’ என்று சொல்லாதவர் யார்? எனக்குக் கவலை தருவது கோபம் அடங்கிய பிறகு வரும் பேச்சு. இனிமேல் வேறு வழியில்லை என்ற தொனி. பொருள்களை வாரிக் கொடுப்பது, எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவது. முன்பு இப்படிச் செய்தவர்கள்மேல் திடீர் மரியாதை. ஆயுதத்தில் புதிய ஆர்வம். தற்கொலைப் பேச்சும் இதில் சேரும். பள்ளி ஆய்வில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. தான் சாவது என்பதும் பிறரைக் கொண்டுபோவது என்பதும் அவ்வளவு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இப்படி ஒன்றைக் கேட்டால் நேரடியாகக் கேளுங்கள்: ‘யாரையாவது காயப்படுத்த நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?’ கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே அதைக் கொஞ்சம் நிறுத்தும். திட்டம் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கிறது என்றால் ரகசியம் காக்காதீர்கள். நட்பு போகும். போகட்டும்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் தனியாக வாழ்கிறீர்கள் என்பதை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள். உங்களிடம் ‘நீ நினைப்பது தப்பு’ என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரா? வாரத்துக்கு ஒருமுறை போனில் திட்டுகிற அக்கா போதும். இருந்தால் நீங்கள் தனியாக வாழ்கிறீர்கள், அவ்வளவுதான்.

தங்கள் ஆளைப் பற்றித் தாங்களே சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு குடும்பத்தை எப்போதும் நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை ஒருவர் வெடிகுண்டுகளைப் பார்சலில் அனுப்பியும் கொண்டுபோய் வைத்தும் மூன்று பேரைக் கொன்றார், 23 பேரைக் காயப்படுத்தினார். 16 வயதில் ஹார்வர்டில் சேர்ந்த கணித மேதை. பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு மொன்டானா காட்டோரம் மின்சாரமும் குழாயும் இல்லாத ஒற்றை அறைக் குடிசையில் வாழ்ந்தார். சிறு ஊருக்கு சைக்கிளில் வந்து நூலகத்தில் படிப்பார். ஊராருக்கு அவர் ஒரு கூச்சமான ஒண்டிக்கட்டை. எஃப்பிஐ 17 வருடம் தேடியும் கிடைக்கவில்லை. 1995 செப்டம்பரில் அவருடைய நீண்ட அறிக்கை செய்தித்தாளில் அச்சானது. தம்பியின் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது, அவர் அந்த மைத்துனரைப் பார்த்ததே இல்லை. தம்பி நம்ப மறுத்துக்கொண்டே படித்தார். ஓரிடத்தில் ஒரு சொற்றொடர். அண்ணன் மட்டுமே அப்படி எழுதுவார். பழைய கடிதங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தகவல் சொன்னால் அண்ணனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம், சொல்லாவிட்டால் இன்னொருவர் சாகலாம். சொன்னார். 1996 ஏப்ரல் 3 அன்று குடிசைக் கதவு தட்டப்பட்டது. அண்ணனுக்கு ஆயுள் தண்டனை. பரிசாகக் கிடைத்த பணத்தின் பெரும்பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தார் தம்பி. பிறகு சிறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 2023இல் இறக்கும்வரை அண்ணன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.